தாய்மாருக்கு ஒரு தருமப் பணிநாள்

கொல்லம் ஆண்டு 1008, மாசி 20-ல் அய்யா வைகுண்டர் திருச்செந்தூர்க் கடலிலிருந்து எழுந்தருளி வந்த காலத்தில், திருவிதாங்கூர் நாட்டில் சான்றோர் குலப் பெண்மக்கள் பட்ட பாடு கொஞ்சமா? தோளில் சீலை போடக் கூடாது. மற்றப் பெண்களைப் போலத் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கவும் கூடாது. 1829-ல் அரசாணையே போட்டுத் தோள்சீலையைத் தடுத்தார்கள். 1859-ல்தான் மார்பை மறைக்கும் உரிமை கிடைத்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல உடுத்தக் கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். கலி அன்று ஒரு பெண்ணின் தோளிலும் குடத்திலும் குடியிருந்தது.

அந்த நாட்டில்தான் அய்யா ஆண்மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதி மக்களையும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்க வைத்தார். துவையல் தவசுக்கு எழுநூறு குடும்பங்களை வாகைப்பதிக்கு அனுப்பினார். ஆண்கள் மட்டும் போகவில்லை. பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்தே தவசிருந்தார்கள். குனிந்தவரை நிமிர வைப்பதுதான் அய்யா செய்து காட்டிய தருமம். வாங்குகிறவரைக் குனிய வைக்கும் கொடை தருமத்தில் சேராது.

பதியிலும் தாங்கலிலும் பள்ளியறையில் கண்ணாடி இருப்பதை எல்லாரும் அறிவார்கள். கண்ணாடி முன் நிற்கிறவர் தன்னுள் இருக்கும் இறைவனை அங்கே காண்கிறார். அப்படியானால் உதவி தேடித் தாங்கலுக்கு வருகிற ஒரு தாயும் அந்தக் கண்ணாடிதானே? அவளுக்குள்ளும் அவரே இருக்கிறார்.

இந்த எண்ணத்தோடு ஊர்தோறும் நிழல்தாங்கலில் ஒரு பணிநாள் நடத்தலாம். தமிழ் மாதத்தின் முதல் ஞாயிறு அதற்கு ஏற்ற நாள். மக்கள் எப்படியும் கூடுவார்கள். உச்சிப்படிப்பும் அன்னதருமமும் நடக்கும்.

முதல் வேலை கேட்பது. இரண்டு வாரத்துக்கு முன்பே பெண்கள் நாலைந்து பேர் வீடு வீடாகப் போய் என்ன தேவை என்று கேட்க வேண்டும். முந்திரி ஆலைக்குப் போகிற அக்காவுக்குத் தோட்டெண்ணெய் பட்டு விரல் வெந்திருக்கும். அவளுக்குச் சேலையைவிட மருத்துவர் தேவை. விதவைத் தாய்க்கு உதவித்தொகை மனு எழுத ஆள் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு, அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்தவள் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு என்று சொல்ல ஒருவர் வேண்டும். வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு நாப்கினும், கூச்சமில்லாமல் பேச ஒரு செவிலியரும் வேண்டும்.

என்ன செய்வது என்பதைப் பெண்களே முடிவு செய்யட்டும். அன்று அடுப்படியை ஆண்மக்கள் பார்த்துக்கொள்ளட்டும். வழக்கமாக விறகும் புகையுமாக நிற்கிற தாய்மார் அன்று பந்தியில் முதலில் உட்காரட்டும்.

காணிக்கை வேண்டாம் என்பது அய்யாவின் கட்டளை. ஆகவே உண்டியலும் வேண்டாம், வசூல் சீட்டும் வேண்டாம். அவரவர் உழைப்பையும் அரிசியையும் கொண்டு வந்தால் போதும். வாங்குகிறவளை நிறுத்திப் படம் பிடித்து ஊருக்குக் காட்டுவதும் வேண்டாம். தோள்சீலைக்காக அடிபட்ட தாய்மாரின் பேத்திகள் அவர்கள். மானம் அவர்களுக்குச் சோற்றைவிடப் பெரிது.

வீட்டில் அடிபடுகிற ஒருத்தி அன்று வாய் திறக்கலாம். பதினெட்டு நிறையாத மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று ஒரு தாய் காதோடு சொல்லலாம். அதை ஊர்ப்பேச்சாக்குவது பெரும் பாவம். பெண்களுக்கான 181, பிள்ளைகளுக்கான 1098 என்ற தொலைபேசி எண்களைச் சொல்லி, அவளுக்குத் துணையாக நிற்பதே தருமம். அடிக்கிறவன் தாங்கலில் தலைப்பாகை கட்டிப் பணிவிடை செய்கிறவனாகவே இருந்தாலும் அவன் பக்கம் சாயக் கூடாது. தாங்கலில் தருமம் பேசி வீட்டில் கை ஓங்குகிறவன் கலிக்குத்தான் பணிவிடை செய்கிறான்.

ஒரு நாளோடு இது முடியாது. மனு கொடுத்தவளுக்குப் பணம் வந்ததா, அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகிறாளா என்று அடுத்த முதல் ஞாயிறு கேட்க வேண்டும். வெயிலில் வந்தவருக்கு நிழல் தருவதால்தான் அதற்கு நிழல்தாங்கல் என்று பேர். அந்த நிழல் தாய்மார் மேலும் பெண்பிள்ளைகள் மேலும் விழட்டும். தர்மயுகம் அந்த வாசல் வழியாகவும் வரும்.

அய்யா உண்டு!