உருவும் மரபும்: ஒரு மலைப்பன்னம் எழுப்பும் வினா

பெயரிடுதல் அறிதலின் முதற்படி என்பர். ஆயின் பெயர் குறிக்கும் எல்லை பொருளிலேயே அமைந்துள்ளதா, அன்றி மனிதன் தன் வசதிக்காக வகுத்துக்கொண்டதா என்பது மெய்யியலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாவாகும். பிரான்சு நாட்டின் பிரனீஸ் மலைகளிற் காணப்பட்ட அரியதொரு பன்னம் இவ்வினாவைக் கூர்மையாக்கியுள்ளது.

சிஸ்ரோகார்ப்பியம் றொஸ்காமியானம் எனப்படும் அப்பன்னத்தின் தோற்றம் இருவேறு சாதிகளுக்கு இடைப்பட்டதாய் இருந்தது. அது கலப்புப்பிறப்போ என்னும் ஐயத்தை டீ.என்.ஏ. ஆய்வு தீர்த்தது. கருவிலுள்ள டீ.என்.ஏ. பெற்றோர் இருவரிடமிருந்தும் வருவது. பச்சையவுருமணியிலுள்ளதோ பெரும்பாலும் ஒருவரிடமிருந்தே வருவது. இரண்டையும் ஒப்புநோக்கின் ஒரு தாவரத்தின் இருவழி மரபும் புலனாகும். ஜிம்னோகார்ப்பியம், சிஸ்ரொப்ரெரிஸ் ஆகிய சாதிகளே அதன் பெற்றோர் வழிகள் என 2015இல் வெளியான ஆய்வு நிறுவியது. அவ்வழிகள் ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பிரிந்தவை. யானையும் கடற்பசுவும் கலந்தமைக்கு இதனை ஆய்வாளர் ஒப்பிட்டனர். பன்னங்கள் கருக்கட்டலுக்குப் பூச்சிகளை நாடுவதில்லை. அவற்றின் ஆண்புணரிகள் நீரில் நீந்திச் செல்வன. ஆதலின் அவற்றிடையே கலப்புத் தடைகள் மெதுவாகவே தோன்றலாம் என்பது அவர்தம் கருத்து.

இதில் வரலாற்று முரண் ஒன்றுமுண்டு. 1753இல் லின்னேயசு இன்று இவ்விரு சாதிகளுள் வைக்கப்படும் பன்னங்களைப் பொலிப்போடியம் என்னும் ஒரே சாதியுள் அடக்கினார். பின்வந்தோர் பிரித்தனர். அப்பிரிவு மிகத் தொன்மையானதென டீ.என்.ஏ. உறுதிசெய்தது. தாவரங்களோ அதனைப் பொருட்படுத்தாது கூடின!

இதனால் எல்லைகள் யாவும் கற்பனை எனக் கொள்ளலாகாது. 6 கோடி ஆண்டுப் பிரிவு மெய்யாகவே நிகழ்ந்தது. அதன் எப்படியிற் ‘சாதி’ என்னும் கோட்டை இடுவது என்பதே மனிதனின் தீர்மானம். தம்முட் கலந்து பெருகி, பிற கூட்டங்களினின்று இனப்பெருக்கத்தால் விலகி நிற்கும் கூட்டமே இனம் என 1942இல் ஏர்ன்ஸ்ற் மேயர் வரையறுத்தார். இப்பன்னம் அதற்கு நேர் மறுப்பன்று. ஏனெனில் இது மலடு, நிலத்தடித் தண்டினாலேயே பரவுவது. எனினும் அவ்வரையறையுள் இதற்கு இடமுமில்லை.

அத்தீர்மானம் சொல் விளையாட்டன்று. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல் பொதுவாகக் கலப்புப்பிறப்புகளை மதிப்பிடுவதில்லை. பொருளும் உழைப்பும் குறைவாயிருக்கையில் சந்ததியுடையவற்றை முதலிற் காப்பது நியாயமே. ஆயின் அது வளத்தைப் பங்கிடும் விதி; உயிரின் மதிப்பை அளக்கும் கோலன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுமிடத்தே தவறு பிறக்கின்றது.

ஓருயிர் எங்கிருந்து வந்தது என்பதை டீ.என்.ஏ. கூறும், அது எத்துணைப் பெறுமதியுடையது என்பதைக் கூறாது. பிறப்பை மதிப்பாக வாசித்த பழக்கம் மனித சமுதாயத்துக்கு விளைத்த கேட்டை அறிந்தோர், மலைச்சரிவிலுள்ள ஒரு பன்னத்தின்மீதும் அப்பழக்கத்தை ஏற்றாதிருத்தல் வேண்டும்.