வேலை தேடுகிறவரை முதலில் சாப்பிடக் கூப்பிடுங்கள்

  

 

இந்த வாரம் பேசுவதற்கு நான் தயார் செய்திருந்த தலைப்பு வேறு. செவ்வாய்க்கிழமை இரவு ஒரு தம்பியைச் சந்தித்தேன். அதற்குப் பிறகு அந்தத் தலைப்பைப் பேச மனம் வரவில்லை. அவரிடம் அனுமதி கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன். பெயரையும் ஊரையும் சொல்ல மாட்டேன். யார் என்று நீங்களும் துருவ வேண்டாம்.

தென் மாவட்டத்துப் பிள்ளை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடிச் சென்னைக்கு வந்தவர். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில், ஓர் அறையில் நான்கு பேராகத் தங்கியிருக்கிறார். ஜும்ஆவுக்கு நம் பள்ளிக்குத்தான் வருவார். மூன்றாவது ஸஃப்பில் தூணை ஒட்டி உட்காருவார். தொழுகை முடிந்ததும் ஸலாம் சொல்லி முஸாஃபஹா செய்வார். நானும் கையைப் பிடித்துக்கொண்டு வாராவாரம் ஒரே கேள்வியைக் கேட்பேன்: "என்ன தம்பி, வேலை ஏதும் அமைஞ்சுதா?"

அக்கறையில்தான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே "துஆ செய்ங்க ஹஸ்ரத்" என்பார். நானும் "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குக் கை கொடுப்பேன். ஏழெட்டு வாரம் போனது. பிறகு அவரைக் காணவில்லை. வேலை கிடைத்திருக்கும் என்று நினைத்தேன். உள்ளதைச் சொன்னால், அந்த அளவுக்குக்கூட நினைக்கவில்லை.

செவ்வாய் இரவு டீக்கடையில் பார்த்ததும், "ஊருக்குப் போயிட்டீங்களா தம்பி?" என்றேன்.

"இல்ல ஹஸ்ரத், இங்கதான் இருக்கேன். ஜும்ஆவுக்கு வேற பள்ளிக்குப் போறேன்."

"ஏம்ப்பா?"

கொஞ்ச நேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க யாருக்கும் என்னைத் தெரியாது ஹஸ்ரத். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்றார்.

சகோதரர்களே, ஒரு பிள்ளையை இந்தப் பள்ளியிலிருந்து விரட்டியது மிம்பரில் ஏறிப் பயான் செய்கிற என் வாய்தான். அதைச் சொல்லத்தான் இன்று நிற்கிறேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். கூடப் படித்தவர்கள் நாலு பேர் வேலையில் சேர்ந்துவிட்டார்கள். ஒருநாள் ராத்திரி அண்ணா சாலையில் ஒரு பிரியாணி ஓட்டலுக்கு வரச் சொன்னார்கள். இவர் கணக்கில் இருந்தது 310 ரூபாய். "நான் மெஸ்ஸில சாப்பிட்டு வந்துட்டேன்டா" என்று பொய் சொல்லிவிட்டு ஒரு லைம் ஜூஸ் மட்டும் குடித்தார். பில் 2,300 வந்தது. அவர்களில் ஒருவர் போனை எடுத்துக் கணக்குப் போட்டு, "ஆளுக்கு 460, ஜிபே பண்ணிடுங்கடா" என்றார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவர்களுக்கு 460 ரூபாய் பெரிய தொகை இல்லை, அவ்வளவுதான். இவர் மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு அறை நண்பருக்கு "150 ரூபா அனுப்பு" என்று மெசேஜ் போட்டு, வந்ததும் சேர்த்து அனுப்பினார். பசித்த வயிற்றோடு மேன்ஷனுக்கு நடந்தே வந்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்த நண்பர்கள் போன் செய்தால் எடுப்பதில்லை. "ஆள் மாறிட்டான்" என்று அவர்கள் பேசிக்கொள்கிறார்களாம்.

இப்போது கஸஸ் சூராவுக்கு வாருங்கள். வேலை, சாப்பாடு, புதிய ஊரில் புதிய மனிதர்கள் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் வருகிற வரலாறு அங்கே 22-ஆம் வசனத்திலிருந்து இருக்கிறது.

மூஸா (அலை) எகிப்தை விட்டு மத்யனுக்கு வருகிறார்கள். கையில் பணம் இல்லை, தெரிந்தவர் இல்லை. அரண்மனையில் வளர்ந்தவர்கள், இப்போது தங்க இடம் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு கிணறு. ஆட்களெல்லாம் முண்டியடித்துக் கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டுகிறார்கள். இரண்டு பெண்கள் மட்டும் தங்கள் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். விசாரிக்கிறார்கள். தகப்பனார் முதியவர் என்று தெரிகிறது. உடனே போய்த் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு நிழலில் வந்து உட்காருகிறார்கள். அங்கே உட்கார்ந்து கேட்ட துஆவைக் கவனியுங்கள். இன்ன வேலை வேண்டும், இவ்வளவு கூலி வேண்டும் என்று கேட்கவில்லை. அல்லாஹ் எந்த நன்மையை இறக்கினாலும் அது தனக்குத் தேவை என்று சொல்லி ஒப்படைத்துவிட்டார்கள்.

அடுத்து என்ன நடந்தது? அந்தப் பெண்களில் ஒருவர் நாணத்தோடு வந்து, தகப்பனார் உங்களை அழைக்கிறார் என்கிறார். அந்தப் பெரியவர் ஷுஐப் (அலை) என்று முஃபஸ்ஸிர்கள் பலர் சொல்கிறார்கள். குர்ஆன் பெயரைச் சொல்லவில்லை. மூஸா (அலை) போய்த் தம் கதை முழுவதையும் சொல்கிறார்கள். ஓர் ஆள் இறந்துபோன விஷயம், ஊரை விட்டு ஓடி வந்த விஷயம் எல்லாம் அதில் இருக்கிறது. பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, பயப்பட வேண்டாம், தப்பித்துவிட்டீர் என்கிறார். இவ்வளவும் ஆன பிறகுதான் மகள் பேசுகிறார்: இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பலமும் நம்பிக்கையும் உள்ளவர் என்று. எட்டு வருடம், விரும்பினால் பத்து வருடம் என்று ஒப்பந்தம் ஆகிறது. அதில் நீண்ட தவணையையே அவர்கள் நிறைவு செய்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னது புகாரியில் வருகிறது.

வரிசையைப் பாருங்கள். முதலில் அழைப்பு. பிறகு அவர் பேச, இவர் காது கொடுத்தது. பிறகு ஆறுதல். வேலைப் பேச்சு கடைசியில்தான் வந்தது. நம்மிடம் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. முதல் கேள்வியே வேலை. அதற்கு வருகிற பதிலை வைத்துத்தான் உட்காரச் சொல்லலாமா, நட்பு வைக்கலாமா என்பதையெல்லாம் முடிவு செய்கிறோம்.

தஃப்ஸீர்களில் இங்கே ஓர் அருமையான செய்தி வருகிறது. மூஸா (அலை) உள்ளே போனபோது சாப்பாடு தயாராக இருந்ததாம். நல்ல பசி. ஆனாலும் கை வைக்கத் தயங்கினார்கள். தண்ணீர் இறைத்ததற்குக் கூலியாக இது ஆகிவிடுமோ என்ற தயக்கம். அப்போது பெரியவர், இது கூலி அல்ல, விருந்தினருக்குச் சோறு போடுவது எங்கள் குடும்பத்து வழக்கம் என்று சொன்னாராம். பிறகுதான் சாப்பிட்டார்கள். ஒருவருக்குச் சோறு போடுவது ஒரு நன்மை. அவர் தலை குனியாமல் சாப்பிடும்படி போடுவது அதைவிடப் பெரிய நன்மை. "பாவம், வேலை இல்ல, சாப்பிடட்டும்" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லி வைக்கிற பிரியாணி தொண்டையில் இறங்குமா?

அபூஹுரைரா (ரலி) அவர்களின் ஒரு சம்பவம் புகாரியில் இருக்கிறது. பசி தாங்காமல் மக்கள் போகிற வழியில் உட்கார்ந்திருந்தார்கள். அபூபக்கர் (ரலி) வந்தார்கள். அவர்களிடம் குர்ஆனின் ஒரு வசனத்தைப் பற்றிக் கேட்டார்கள். வசனம் தெரியாமல் அல்ல, பேச்சோடு பேச்சாக வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுப்பார்களோ என்று. பதில் கிடைத்தது; அபூபக்கர் (ரலி) போய்விட்டார்கள். உமர் (ரலி) வந்தார்கள். அங்கும் அதே கதைதான். இரண்டு பேரும் வள்ளல்கள். அவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்களின் பார்வைக்கே ஒரு பசி தப்பியது என்றால் நம் நிலை என்ன?

பிறகு நபி (ஸல்) அவர்கள் வந்தார்கள். பார்த்ததும் புன்னகைத்தார்கள். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். 'என்ன ஆச்சு, ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய்' என்று ஒரு கேள்வி இல்லை. பின்னால் வரச் சொன்னார்கள். வீட்டில் ஒரு கிண்ணம் பால் இருந்தது. திண்ணைத் தோழர்கள் எல்லோரையும் அழைத்துவரச் சொல்லி, எல்லோரும் குடித்த பிறகு, வயிற்றில் இடமில்லை என்று அபூஹுரைரா (ரலி) சொல்லும்வரை மறுபடி மறுபடி குடிக்கச் சொன்னார்கள். தாங்கள் கடைசியில் குடித்தார்கள்.

இதோடு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சேர்த்துப் பாருங்கள். நாம் அடிக்கடி சொல்வதுதான். மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்தார்கள், சந்தை எங்கே என்று கேட்டார்கள், கைனுகா சந்தையில் பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று முன்னேறினார்கள். வேலை இல்லாத பிள்ளைகளைப் பார்த்தால் இதைத்தான் எடுத்து விடுவோம்: "பார், அவர் சந்தைக்குப் போனார், நீயும் போ!" அதற்கு முன்பு நடந்ததை மட்டும் சொல்ல மாட்டோம். நபி (ஸல்) அவர்கள் அவரை ஸஅத் பின் ரபீஃ (ரலி) அவர்களோடு சகோதரராக இணைத்தார்கள். ஸஅத் (ரலி) தம் சொத்தில் பாதியைத் தருகிறேன் என்று முன்வந்தார்கள். பாதியைத் தர ஒருவர் தயாராக இருந்த ஊரில்தான் இவர் 'வேண்டாம், சந்தையைக் காட்டுங்கள்' என்றார். நாம் ஸஅதாக இருக்க மாட்டோம், அந்தப் பிள்ளை மட்டும் அப்துர் ரஹ்மானாக இருக்க வேண்டும்!

சில நாட்கள் கழித்து அவர் மீது மஞ்சள் நிற நறுமண அடையாளம் தெரிந்தது. அப்போது நபி (ஸல்) அவர்கள் என்ன விஷயம் என்று கேட்டார்கள். திருமணம் ஆகிவிட்டது என்றார். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கச் சொன்னார்கள். நல்ல செய்தியின் அடையாளம் தெரிந்தபோது கேட்டார்கள். முகத்தில் பசி தெரிந்தபோது கேட்கவில்லை, கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே கேட்க வேண்டும், எங்கே கேட்கக் கூடாது என்பதும் சுன்னத்தில் சேர்ந்ததுதான்.

வேலை தேடுகிற தம்பிமார்களே, உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

மானத்தைக் காப்பாற்ற ஓட்டலில் கடன் வாங்காதீர்கள். நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டுப் பாதுகாப்புத் தேடினார்கள். ஏன் என்று கேட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்குக் கொடுத்தால் மீறுகிறான் என்று விளக்கினார்கள். "சாப்பிட்டு வந்துட்டேன்" என்ற அந்தப் பொய்யை நினைத்துப் பாருங்கள். "இப்ப கையில காசு இல்லடா, டீ குடிக்கலாம் வா" என்று சொல்லிப் பாருங்கள். மூஸா (அலை) தம் நிலையை மறைக்காமல் சொன்னார்கள். அதைக் கேட்டு ஒருவன் விலகினால் அவன் எப்படிப்பட்ட நண்பன் என்பது ஒரு டீ செலவிலேயே தெரிந்துவிட்டது, லாபம்தான்.

கயிற்றை எடுத்துப்போய் விறகு சுமந்து விற்பதைக்கூட நபி (ஸல்) அவர்கள் உயர்வாகச் சொன்னார்கள். ஆகவே நல்ல வேலை வரும்வரை டெலிவரி பையை முதுகில் மாட்டுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. பெற்றோரும் அதை உறவினரிடம் மறைக்க வேண்டியதில்லை.

புது நட்பில் கவனமாக இருங்கள். டெலிகிராமில் பழக்கமான ஒருவர் நாலு நாளில் "ப்ரோ, வெளிநாட்டில் வேலை இருக்கு" என்றால் நின்று யோசியுங்கள். 2022-இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன நம் நாட்டுப் பிள்ளைகளை மியான்மரில் மியாவடிக்குக் கொண்டுபோய், இணைய மோசடி செய்ய வைத்துக் கொடுமைப்படுத்தினார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பார்க்காமல் பாஸ்போர்ட்டையும் பணத்தையும் கொடுக்காதீர்கள். உம்மாவின் நகையை அடகு வைத்துக் கொடுக்கிற காசு அது.

வேலையில் இருக்கிற தம்பிமார்களே, நீங்கள்தான் கூப்பிட்டீர்கள் என்றால் நீங்களே கொடுங்கள். முடியாது என்றால், கூட்டத்தில் குறைவாக வைத்திருப்பவரால் கொடுக்க முடிகிற இடத்துக்குப் போங்கள். நாலு இட்லிக்கும் நட்பு வளரும். லைம் ஜூஸ் குடித்தவரிடம் பிரியாணிக்குக் காசு வாங்காதீர்கள். அதில் அவருடைய மனம் இல்லை. இருவர் உணவு மூவருக்குப் போதும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஒருவர் திடீரென்று போன் எடுப்பதை நிறுத்தினால், ஆள் மாறிவிட்டார் என்று பேசுவதற்கு முன் அவர் அறைக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். கையேந்தாத ஏழைகளை, விவரம் தெரியாதவர் வசதியானவர் என்று எண்ணிக்கொள்வார் என்றும், அடையாளத்தைக் கொண்டே அவர்களை அறியலாம் என்றும் பகரா சூராவின் 273-ஆம் வசனம் சொல்கிறது. அயர்ன் செய்த சட்டையோடு இன்டர்வியூவுக்குப் போகிறவரும் அந்த வசனத்தில் வரலாம்.

பெரியவர்களே, நம் மஹல்லாவில் மேன்ஷன் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு வீட்டுக்கு ஒருவர் என்று கூப்பிட்டால் போதும். தனியாகச் சமைக்க வேண்டாம், இருப்பதில் ஒரு தட்டு. சாப்பிடும்போது ஊரைப் பற்றிப் பேசுங்கள், கிரிக்கெட் பேசுங்கள். அவராக எடுத்தால் ஒழிய வேலைப் பேச்சை எடுக்காதீர்கள். உங்கள் கம்பெனியில், கடையில் ஆள் எடுப்பது தெரிந்தால், சாப்பிட்டு முடித்த பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

நான் அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "இந்த வெள்ளிக்கிழமை சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டேன். "பாக்கலாம் ஹஸ்ரத்" என்றார். இப்போது எந்தப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறாரோ தெரியாது. வீட்டில் நெய்ச்சோறும் தாளிச்சாவும் செய்யச் சொல்லியிருக்கிறேன். அவர் வரவில்லை என்றால் நானே மேன்ஷனுக்கு எடுத்துக்கொண்டு போகப் போகிறேன். நாலு பேர் தங்கியிருக்கிற அறை, போதுமா என்றுதான் வீட்டில் கேட்கிறார்கள்.

யா அல்லாஹ், வேலை தேடுகிற எங்கள் பிள்ளைகளுக்கு ஹலாலான, பரக்கத்தான வழியைத் திறந்து தருவாயாக. எங்கள் நாவால் புண்பட்டவர்களின் மனதை ஆற்றுவாயாக. இந்தப் பள்ளியை விட்டு ஒதுங்கிப் போனவர்களைத் திரும்பக் கொண்டுவருவாயாக. ஆமீன்.

சுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.