முதலை வாய்ப் பிள்ளை

அவிநாசிக்குத் திருப்புக்கொளியூர் என்பது பழம்பெயர். அவ்வூரில் எதிரெதிராக இருந்த இரண்டு வீடுகளைச் சேக்கிழார் நமக்குக் காட்டுகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணத்தின் மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகை. ஐந்து வயதில் சேர்ந்து குளிக்கப் போன இரு பிள்ளைகளில் ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. சுந்தரர் பாடினார், முதலை பிள்ளையைக் கரை சேர்த்தது. இடையில் கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு அவன் மீண்டான் என்பது கதை. இறைவன் உயிரை மட்டுமல்ல, போன காலத்தையும் திருப்பிக் கொடுத்தான்.

நம் வீடுகளில் இப்போது உள்ளங்கையில் அடங்கும் ஒரு முதலை இருக்கிறது. ஒளி வீசும், பாடும். குழந்தையின் பொழுதை அது விழுங்கினால், விழுங்கியதுதான்.

"செல்லைக் குடுத்தாத்தானுங்க பையன் ரெண்டு வாய் திங்கறான். புடுங்குனா தரையில உழுந்து பொரள்றானுங்க. அந்தக் காலத்துல நெலாவைக் காட்டி ஊட்டலீங்களா?" என்று கேட்டார், எங்கள் தெருவில் பேரனை வளர்க்கும் ஓர் அம்மாள். மகனும் மருமகளும் விடிந்ததும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். மூட்டுவலியோடு மூன்று வயதுப் பிள்ளையின் பின்னால் ஓட அவரால் முடியுமா? அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவர் கேட்ட கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. நிலாவும் ஒரு வேடிக்கைதானே? ஆம். என்றாலும் நிலாவைக் காட்டியவள் தானும் நிலாவைப் பார்த்தாள். "அதோ பார்" என்று சொன்னாள். பிள்ளை ஏதோ மழலை பேசியது. அதற்கு மறுமொழி கூறினாள். இருவர் ஒன்றைப் பார்த்தார்கள். திரையின் முன்னாலோ பிள்ளை தனியாக இருக்கிறது. அது கேட்டாலும் படம் பதில் சொல்லாது.

இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் நெறி வகுத்தது. நல்ல நெறிதான். ஆயினும் குழந்தையின் நேரத்தை அளக்கும் நாம் நம்முடைய நேரத்தை அளக்கிறோமா?

அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்ட் ட்ரானிக் 1970-களில் ஒரு சோதனை நடத்தினார். குழந்தையோடு கொஞ்சிக் கொண்டிருந்த தாய், சில நிமிஷங்கள் முகத்தைச் சலனமின்றி வைத்துக்கொண்டாள். குழந்தை சிரித்துப் பார்த்தது. கையை நீட்டி அழைத்தது. பயனில்லை என்று கண்டதும் முகம் வாடித் திரும்பிக் கொண்டது. அந்த முகத்தை இன்று காணச் சோதனைச் சாலைக்குப் போக வேண்டுமா? இரவு எட்டு மணிக்குச் செல்போனில் ஆழ்ந்திருக்கும் எந்தத் தகப்பனின் முகத்தையும் பாருங்கள். அவனுடைய பிள்ளையின் பிடிவாதத்தைப் பிறவிக் குணம் என்று எப்படிச் சொல்வது?

பிள்ளையின் கையிலிருப்பதைப் பிடுங்குவது எளிது. நம் கையிலிருப்பதைக் கீழே வைப்பது கடினம். கடினமானதைச் செய்யாதவனுக்கு எளியதைச் செய்யும் உரிமை இல்லை என்றே நான் கருதுகிறேன். வேலை முடிந்து வந்தவர்களிடம் நாள் முழுவதையும் யாரும் கேட்கவில்லை. ஒரு வேளைச் சோற்றைப் பிள்ளையோடு உட்கார்ந்து, பேசிக்கொண்டே உண்ணட்டும். பாட்டிக்கும் அந்த நேரம் ஓய்வு கிடைக்கும்.