ஒப்பந்தத்தின் பெயரும் பொருளும்

ஒளுவின் பர்ளுகள் எத்தனை என்று கேட்டால் நம் வீட்டுச் சிறுவனும் தடுமாறாமல் விடை சொல்லி விடுவான். ஆனால், ஒரு விற்பனை செல்லுபடியாவதற்குரிய நிபந்தனைகள் எவை என்று கேட்டால், நாற்பது ஆண்டுகள் கடை நடத்தியவரும் விழிக்கிறார். தொழுகைக்குத்தான் சட்டம் வேண்டும், கொடுக்கல் வாங்கலுக்கு நேர்மை ஒன்றே போதும் என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். உண்மையில் நேர்மை மட்டும் போதுமா? இதுவே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே என்பதை நாம் சிந்திக்க வேண்டும். மார்க்க விளக்கம் உள்ளவரே நம் கடைவீதியில் வியாபாரம் செய்யலாம் என்று ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் விதித்ததைத் திர்மிதீ அறிவிக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் தமது 'இஹ்யா'வில், பொருளீட்டும் ஒவ்வொரு முஸ்லிமும் அதற்குரிய சட்டங்களைக் கற்பது கடமை என்கிறார்கள். ஏனெனில், நேர்மையாளனும் அறியாமையால் ஹராமில் விழுந்துவிட முடியும்.

எப்படி என்று பார்ப்போம். விற்பனையில் பொருளின் உடைமையே கைமாறுகிறது. வாடகையில், அதாவது இஜாராவில், பொருள் உரியவரிடமே இருக்க, அதன் பயன் மட்டும் குறித்த காலத்திற்கு, குறித்த தொகைக்குக் கைமாறுகிறது. கடனிலோ கொடுத்த அளவே திரும்பி வர வேண்டும். நிபந்தனையிட்டு அதன்மீது பெறும் பயன் வட்டியாகும்.

இப்போது, நம் ஊர்களில் ஒத்தி, போக்கியம், 'லீஸ்' என்றெல்லாம் வழங்கும் ஏற்பாட்டைக் கவனியுங்கள். ஒருவர் ஐந்து இலட்சம் கொடுத்து, மூன்றாண்டு வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது ஐந்து இலட்சத்தையும் திரும்பப் பெறுகிறார். லீஸ் என்கிறார்கள், வாடகை எங்கே? கொடுத்த பணம் முழுவதும் திரும்பி வருவதால் அது கடன். குடியிருப்போ அக்கடனால் வந்த பயன். இருவரும் மனமொப்பியே செய்தார்கள்; எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. ஆயினும் உலமாக்கள் பலர் இதை வட்டி என்றே விலக்குகிறார்கள். முன்பணத்திற்காக வாடகையைக் குறைக்காமல், நியாயமான வாடகை பேசி, முன்பணத்தை அளவோடு வைத்துக் கொள்வதே பேணுதலான வழி. ஒப்பந்தங்களில் சொல்லைவிடக் கருத்தையே கவனிக்க வேண்டும் என்பது, உதுமானிய ஆட்சியில் தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டநூலின் தொடக்க விதிகளில் ஒன்றல்லவா?

கடைக் கணக்குக்காக வாங்கும் கணினி மென்பொருளிலும் இதே கேள்வி எழுகிறது. "விலைக்கு வாங்கினேன்" என்கிறோம். உடன்படிக்கையைப் படித்தால், ஆக்கியவரின் உரிமை பெரும்பாலும் அவரிடமே இருப்பதும், நமக்குக் கிடைத்தது பயன்படுத்தும் அனுமதியே என்பதும் தெரியும். கடையில் விற்கும் மென்பொருள் விற்பனை வரிக்குரிய சரக்கே என்று 2004-இல் தீர்ப்பளித்த நம் உச்ச நீதிமன்றம், அதைப் பயன்படுத்துவோருக்குப் பதிப்புரிமை கைமாறுவதில்லை என்று 2021-இல் விளக்கியது. நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவற்றின் உரிமைகள் ஷரீஅத்தின் பாதுகாப்புக்குரியவை, அவற்றை மீறலாகாது என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி 1988-இல் குவைத்தில் தீர்மானித்துள்ளது. ஆக, ஒரு கணினிக்குப் பெற்ற அனுமதியை நான்கு கணினிகளில் ஏற்றுபவர், "காசு கொடுத்தேனே!" என்று சொல்லித் தப்ப முடியுமா?

படிக்காமலேயே 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு, "எனக்குத் தெரியாது" என்பதும் சரியன்று. வியாபாரம் பரஸ்பர திருப்தியுடன் நடைபெற வேண்டும் என்கிறது திருமறை (4:29). தெரியாத ஒன்றை உள்ளம் எப்படி ஒப்பும்? அவ்வாறே, மறுதரப்பாரின் அறியாமையை இலாபமாக்குபவர் அவருடைய திருப்தியைப் பெற்றவர் ஆகமாட்டார். விளங்கும்படி எடுத்துச் சொல்வது விற்பவர் கடமை. கேட்டறிவது வாங்குபவர் கடமை.

ஆகவே, கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: கைமாறுவது பொருளா, பயனா, அனுமதியா? எவ்வளவு காலத்திற்கு? எதற்கு ஈடாக? விடை விளங்காவிட்டால் ஊரிலுள்ள ஆலிமிடமும், தேவைப்பட்டால் வழக்கறிஞரிடமும் கேட்டறிந்த பின்னரே கையெழுத்திடுங்கள். நம் பிள்ளைகள் உண்ணும் உணவு ஹலாலாவதும் ஆகாததும் இந்த அறிவைப் பொறுத்தே இருக்கிறது.

பயனுள்ள கல்வியையும் தூய்மையான ரிஸ்கையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.