கழுவும் கை யாருடையது?

பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் ஏந்தக் கூடாது, பழந்துணியில்தான் ஏந்த வேண்டும் என்ற வழக்கம் சேலம், நாமக்கல் பக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தாத்தாவின் நைந்த வேட்டியும் பாட்டியின் நூல் சீலையும் அதற்கென்றே எடுத்து வைக்கப்படும். நூறு முறை துவைத்துக் கஞ்சியும் முரட்டுத்தனமும் போய், தண்ணீரைத் தொட்டவுடன் உறிஞ்சும் பதத்துக்கு வந்த பருத்தி அது. இப்போது பிரசவத்துக்கு எடுத்துப் போகும் பையில் அந்தத் துணிக்குப் பக்கத்திலேயே ஒரு வைப்ஸ் (துடைத்து எறியும் ஈரத் துண்டு) பாக்கெட்டும் இருக்கிறது. குழந்தையைத் துடைக்க இரண்டில் எதை எடுப்பது என்ற பேச்சு பெரும்பாலும் விலையோடும் குழந்தையின் தோலோடும் முடிந்துவிடுகிறது. எனக்கு இது சமயம் சார்ந்த கேள்வியாகவும் தோன்றுகிறது. தூய்மையைத் தெய்வத்தோடு சேர்த்தே நினைத்துப் பழகிய மக்கள் நாம். குழந்தையைத் துடைத்து முடித்தபின் அந்த அழுக்கு யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்று கேட்காதவரை நம் தூய்மை பாதியில்தான் நிற்கிறது.

விலையையும் தோலையும் முதலில் பார்த்துவிடலாம். வைப்ஸ் நாளுக்கு எட்டு முறை, முறைக்கு இரண்டு துண்டு என்றால் 16 துண்டு. ஒரு துண்டு ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 24 ரூபாய், மாதத்துக்கு 720 ரூபாய். ஒரு நாலு முழ வேட்டியைச் சாண் சதுரமாகக் கிழித்தால் நாற்பது துண்டு தேறும். பழந்துணி இல்லாத வீட்டுக்குப் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் நெய்யும் பருத்தித் துண்டு இரண்டு வாங்கினால் போதும். தோல் விஷயத்தில் துணியின் பக்கம் நின்று மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 280 பச்சிளம் குழந்தைகளை வைத்துச் செய்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வைப்ஸால் துடைத்த தோலும் பஞ்சும் தண்ணீரும் கொண்டு துடைத்த தோலும் ஈரப்பதத்தில் ஒன்றுக்கொன்று குறைந்து போகவில்லை. மறுபுறம், வைப்ஸ் கெடாமலிருக்கச் சேர்க்கப்பட்டு வந்த மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற வேதிப்பொருள் பலருக்குத் தோல் ஒவ்வாமை தந்தது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013-இல் அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. வாங்குகிறவர்கள் அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். மற்றபடி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியைவிட வைப்ஸ் சுத்தம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. வைப்ஸ் விஷம் என்று சொல்லவும் இல்லை.

துடைத்த பிறகு நடப்பதுதான் என் கேள்வி. கடையில் கிடைக்கும் வைப்ஸ் பலவற்றில் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் இழை கலந்திருக்கிறது. தொட்டால் துணி போலிருந்தாலும் அந்த இழை மக்காது. லண்டன் ஒயிட்சேப்பலில் 2017-இல் சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளத்துக்குக் கெட்டிப்பட்டுக் கிடந்த கொழுப்பும் வைப்ஸும் 130 டன் எடை இருந்தன. நம் ஊர்களில் வைப்ஸ் அவ்வளவாகக் கழிப்பறைக்குள் போவதில்லை; குப்பைக்கோ சாக்கடைக்கோதான் போகிறது. சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறு, நகரத்துச் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்துகொண்டு நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து நன்செய் இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. ஆடிப்பெருக்கன்று பரமத்தி வேலூரிலும் மோகனூரிலும் தாய் என்று கும்பிட்டு நாம் முழுகுவது அந்தக் காவிரியில்தான். குப்பை வண்டியில் போட்டாலும் கதை அங்கே முடிவதில்லை. மக்கும் குப்பையோடு சேர்த்துப் போட்ட வைப்ஸை நுண்ணுரக் கூடத்தில் ஒரு தூய்மைப் பணியாளர் விரலால் எடுத்துத்தான் பிரிக்க வேண்டும். காய்கறித் தோலுக்கும் பழைய சோற்றுக்கும் நடுவே நாலாக மடித்துக் கிடக்கும் அந்த ஈரத் துண்டை அவர் விரித்துப் பார்க்கத் தேவையில்லை, உள்ளே என்ன என்று அவருக்குத் தெரியும். தனியே சுற்றித் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் டயப்பரைப் பெயர் சொல்லியே கேட்டன. சுற்றிக் கொடுக்கும் வீடுகள் குறைவு.

அப்படியானால் பழைய முறைக்கே திரும்பிவிடலாம் என்று சிலர் சொல்லக்கூடும். அந்தப் பழைய முறையை முழுதாக நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டுத் தீட்டுத் துணியை அந்த வீட்டார் துவைக்கவில்லை. வண்ணார் வீட்டுப் பெண் வந்து மாற்றுத் துணி கொடுத்து, தீட்டுத் துணியை மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனாள். தலித் மக்களின் துணியை வெளுத்த புதிரை வண்ணார் எல்லாருக்கும் கீழே வைக்கப்பட்டார்கள். அப்படி ஒரு குடும்பத்தின் வாழ்க்கைதான் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவல். தீட்டு என்பது அந்தக் காலத்துச் சுகாதார விதி என்று சமாதானம் சொல்வார்கள். சுகாதார விதி என்றால் சோப்பும் தண்ணீரும் பட்டதும் அது முடிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. துணி வெளுத்து வீடு திரும்பியது, வெளுத்தவரைத் தலைமுறை தலைமுறையாக வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். அழுக்கைத் தொடாமலிருப்பதே தூய்மை என்று ஒரு வீடு நம்பினால், தொடுவதற்கு இன்னொருவரைப் பிறப்பால் நியமித்தே தீர வேண்டும். வைப்ஸைத் துடைத்து எறியும்போது நாம் செய்வதும் அதுவே; அந்த அழுக்கைக் கையில் வாங்குகிறவர் முகம் மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

நம் சமயத்துக்குள்ளேயே இதற்கு எதிரான குரல் ஒன்று வெகுகாலமாக இருக்கிறது. பெரியாழ்வார் பரம்பொருளை உடம்பெல்லாம் வெண்ணெயும் புழுதியுமாக நிற்கும் பிள்ளையாக்கி, தன்னை யசோதையாக்கி, குளிக்க வா என்று கெஞ்சுகிறார். அழுக்கான குழந்தையைக் கழுவுவது அங்கே வழிபாடாகவே ஆகிவிடுகிறது. திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியாத ஒரு கர்ப்பிணிக்குச் சிவன் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். பிரசவம் பார்ப்பதென்றால் இரத்தத்தில் கை வைப்பது, நஞ்சுக்கொடியை அகற்றுவது, துணி அலசுவது. நம் கணக்கில் அது தீட்டு. அந்தத் தீட்டு இறைவன் மேல் ஒட்டவில்லை. அந்த வேலையின் பெயரையே அவருக்குச் சூட்டிக் கும்பிடுகிறோம். தொட்டுக் கழுவி முடிக்கிறவரே தூயவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அது நியாயமானதும்கூட. "துணியைத் துவை" என்று சொன்னால் துவைக்கப் போவது யார்? பிள்ளை பெற்று உடம்பு தேறாத தாய், அல்லது அவளுடைய அம்மா. விசைத்தறியில் ஷிப்டுக்குப் போய் வருகிற பெண்ணுக்கு நாளுக்குப் பதினாறு துண்டு கூடுதல் வேலை என்பது தூக்கத்தில் கை வைப்பது. வைப்ஸ் அவளுக்குக் கொடுத்த அரைமணி நேர ஓய்வைத் தத்துவம் பேசிப் பறிக்க எனக்கு உரிமை இல்லை. தனியாகக் குழந்தை வளர்க்கிற பெண்ணோ, உதவிக்கு ஆள் இல்லாதவளோ வைப்ஸ் வாங்கினால் அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் வீட்டில் கணவன் இருக்கும்போது, அவன் தொட வேண்டாம் என்பதற்காக ஒரு பாக்கெட் வாங்கப்படுகிறது என்றால் கதை வேறு. திருச்செங்கோட்டு மலையில் இறைவன் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக நிற்கிறார். வைகாசித் தேருக்கு வடம் பிடிக்கிற ஆண்களுக்குத் தன் பிள்ளையின் துணியை அலசுவது மட்டும் கௌரவக் குறைவாகப் படுவது எப்படி என்று அந்த மூர்த்தியின் முன்னால் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். வேலை பகிரப்படாததுதான் இங்கே சிக்கல். அதைத் தூய்மைப் பணியாளர் தலையில் இறக்கி வைத்துத் தீர்ப்பது நீதியாகாது.

தண்ணீர்ப் பஞ்சத்தைச் சொல்லியும் மறுப்பார்கள். ஆழ்துளைக் கிணறு வற்றும் சமவெளியில் இது சாதாரணக் கேள்வி இல்லை. இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமை டயப்பரையும் துணியையும் ஒப்பிட்டு 2008-இல் வெளியிட்ட அறிக்கை இதற்கு உதவும். துணியை இயந்திரச் சூட்டில் உலர்த்தினால் துணியின் அனுகூலம் போய்விடுகிறது. கொடியில் உலர்த்தி, இரண்டாவது குழந்தைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் பாதிப்பு நன்றாகக் குறைகிறது. சேலத்து வெயில் அந்தக் கொடிக்கு இலவசம். சிறு துண்டுகளுக்குத் தண்ணீரும் அதிகம் வேண்டியதில்லை. மலத்தை முதலில் கழிப்பறையில் தட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் சிறிது நேரம் ஊற வைத்து, பார் சோப்பு போட்டுக் கசக்கி, சோப்பு வழவழப்பு போகும்வரை அலசி, நேர்வெயிலில் மொடமொடப்பாகும் அளவுக்குக் காயப் போட்டால் போதும். கடைசியாக அலசிய தண்ணீரை வாழைக்கு ஊற்றலாம்.

சேலத்திலிருந்து பெங்களூருக்குப் பேருந்தில் போகும்போது, ஆஸ்பத்திரியில் தங்கும்போது, மழைநாளில் துணி காயாதபோது வைப்ஸ் எடுங்கள். எடுத்ததைத் தாளில் சுற்றி, மேலே சிவப்பாக ஒரு குறி போட்டு, தனியாகக் கொடுங்கள். மற்ற நாட்களுக்கு, குழந்தை பிறக்கப்போகும் வீட்டில் பழைய வேட்டி இரண்டை இப்போதே சாண் அளவில் கிழித்து ஓரம் அடித்து வையுங்கள். அதைத் துவைக்கும் முறையை அப்பாவாகப் போகிறவருக்கு முதலில் சொல்லிக் கொடுங்கள்.