நிலையாமையும் செயலறமும்

நிலையாமை உணர்வு மனிதனை உலகினின்று விலக்கும் என்பது பரவலான கருத்து. திருக்குறளில் நிலையாமை அதிகாரம் துறவறவியலில் இடம்பெறுவது இதற்கு அரணாகக் காட்டப்படும். எனினும் அவ்வதிகாரத்திலேயே, நா அடங்கி விக்கல் எழுமுன் நல்வினையை விரைந்து செய்யுமாறு வள்ளுவர் வலியுறுத்துகிறார். அறத்தைப் பின்னாளுக்கு ஒத்திவைத்தல் ஆகாது என்பதை அறன் வலியுறுத்தலிலும் கூறுகிறார். அது இல்லறவியலுக்கு முற்பட்ட பாயிரப் பகுதியாதலின், இவ்வறிவுரை துறவியர்க்கு மட்டும் உரியதன்று என்பது பெறப்படும்.

கொல்கத்தாவின் டாக்குரியாவில் நிகழ்ந்த ஒரு துயரம் இக்கருத்தை மேலும் ஆராயத் தூண்டுகிறது. 2011 டிசம்பர் 9 அதிகாலையில் அங்கிருந்த ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் மூண்ட தீயின் புகை மேல்தளங்களிலும் பரவியது. ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். கேரளச் செவிலியரான ரம்யா, வினீதா இருவரும் பெண்கள் பிரிவிலிருந்து எட்டு நோயாளிகளை மீட்டனர். எஞ்சியவரையும் மீட்க முயன்று உயிர் நீத்தனர். அருகிலிருந்த குடிசைப் பகுதி மக்களும் மீட்புக்கு விரைந்தனர்.

சாவு அண்மையில் உள்ளது என்னும் அறிவு தப்பியோடவும் தூண்டலாம். ஆதலின் அவ்வறிவு தானே அறமாகிவிடாது. நாள்தோறும் பழகிய கடமையே அந்நொடியில் செயலாக வெளிப்படுகிறது. அறத்தை இன்றே தொடங்கவேண்டும் என்பதன் நுட்பம் இதுவே: இறுதிப் பொழுது அறம் பயிலும் பொழுதன்று, பயின்ற அறம் துணைநிற்கும் பொழுது.