யார் காசில் வாசிக்கிறோம்?

இணையத்தில் ஒரு கட்டுரையை இலவசமாக வாசிக்கிறவருக்கு, அதன் ஓரத்தில் வரும் விளம்பரத்தையும் பார்க்கிற கடமை இருக்கிறதா? கண்டியில் எழுத்தும் வாசிப்புமாக இருக்கிற நண்பர்கள் கூடும்போது இந்தப் பேச்சு வந்தால் எளிதில் முடிவதில்லை. விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொண்டு வாசிப்பது, கடையில் தேநீர் குடித்துவிட்டுக் காசு வைக்காமல் எழுந்து போவதுதான் என்று ஒரு நண்பர் அழுத்திச் சொல்வார். நான் தடுப்பான் பாவிக்கிறவன். அதைச் சரியென்றே நினைக்கிறேன். ஆனாலும் அவர் சொல்வதைத் தட்டிவிட்டுப் போக மனம் வருவதில்லை. எழுதுகிறவருக்கு யாராவது காசு கொடுத்தாக வேண்டும்.

இந்த ஊருக்கு அந்தக் கணக்குப் புதிதல்ல. கண்டியில் பிறந்த சட்டத்தரணி சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். மருத்துவரும் நாவலாசிரியருமான தி. ஞானசேகரன் 2000 ஜூனில் கண்டியிலிருந்து ‘ஞானம்’ சஞ்சிகையைக் கொண்டுவந்தார். சிற்றிதழ் என்றால் சந்தாவும், தமிழில் பற்றுள்ள கடைக்காரர் தரும் பின்னட்டை விளம்பரமும்தான் அதை அடுத்த இதழ்வரை கொண்டுபோகும். அந்த விளம்பரங்களை நான் விரும்பியே பார்ப்பேன். புடவைக் கடையோ நகைக் கடையோ, முதலாளி யார், கடை எந்த வீதியில் என்று தெரியும். பொருள் சரியில்லை என்றால் நேரே போய்க் கேட்கலாம். வீரகேசரி நாளிதழைக் கையில் எடுத்ததும் மரண அறிவித்தல் பக்கத்துக்குப் போகிறவர்கள் எங்கள் வீடுகளில் எத்தனை பேர்! அதுவும் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம்தான். அதை எடுத்துவிடு என்று யாரும் கேட்டதில்லை.

இணைய விளம்பரத்தின் சங்கதி வேறு. பக்கம் திறக்கிற அந்த ஒரு கணத்துக்குள் விளம்பர இடம் ஏலம் போகிறது. என் போன் எந்த வகை, நான் எந்த ஊரில் இருக்கிறேன், இதற்கு முன் எதையெல்லாம் பார்த்தேன் என்கிற விபரங்களும் அந்த ஏலத்தோடு சேர்ந்து, நான் பெயரே கேள்விப்படாத நிறுவனங்களுக்குப் போகின்றன. பின்னட்டையை நான் பார்த்தேனா இல்லையா என்று கடைக்காரருக்குத் தெரியாது. இங்கே நான் எவ்வளவு நேரம் நின்றேன், எங்கே விரல் வைத்தேன் என்பதுவரை பதிவாகிறது. நண்பர் சொல்லும் தேநீருக்கு இதுதான் காசு என்றால், அந்த விலையைக் குடிக்கும் முன் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

போதாதற்கு, அந்த விளம்பரத்தை இறக்குவதற்கும் வாசகர்தான் கட்டணம் கட்டுகிறார். கலஹா, ஹந்தானைப் பக்கம் தோட்ட லயங்களில் இருக்கிற பிள்ளைகள் ரீலோட் போட்டுத்தான் இணையத்துக்கு வருகிறார்கள். நாடு நெருக்கடியில் கிடந்த 2022 செப்டெம்பரில் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் கட்டணம் 20 சதவீதம் கூடியது. தடுப்பான் விளம்பரத்தைத் திரை போட்டு மறைப்பதோடு நிற்பதில்லை. தன் பட்டியலில் உள்ள முகவரிகளிலிருந்து எதையும் இறக்கவே விடாது. அந்த டேட்டா மிச்சம். பாடக் குறிப்பு ஒன்றைத் தேடி வந்த பிள்ளையின் டேட்டாவில், தானாக ஓடும் வீடியோ விளம்பரம் பங்கு கேட்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே, தேடுபொறி விளம்பரங்களுக்குள் போலித் தளங்கள் புகுந்து ஆட்களை ஏமாற்றுகின்றன என்று எச்சரித்து, தடுப்பானைப் பாவிக்கும்படி பொதுமக்களுக்குச் சொன்னது.

ஆனால் இந்த விஷயத்தைக் கட்டணக் கணக்காக மட்டும் பார்க்க என்னை விடாதது 2018 மார்ச் மாதம். தெல்தெனியவில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர் இறந்ததையடுத்து, திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வன்முறை கண்டி மாவட்டத்தின் வேறு ஊர்களுக்கும் பரவியது. 6ஆம் திகதி அவசரகால நிலை. மறுநாள் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றுக்கும் தடை. ஃபேஸ்புக் திரும்பி வர 15ஆம் திகதி ஆனது. தன் தளத்தில் பரவிய வெறுப்புப் பேச்சு வன்முறைக்கு வழிவிட்டிருக்கலாம் என்று ஏற்று, 2020 மே மாதம் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அந்த நிறுவனத்தின் வருமானம் ஏறக்குறைய முழுவதும் விளம்பரத்தால் வருவது. விளம்பரம் விற்க வேண்டுமென்றால் ஆட்கள் தளத்தில் தங்க வேண்டும். ஆத்திரமும் பயமும் ஆட்களைத் தங்கவைக்கும், பகிரவும் வைக்கும். ஆகவே அப்படிப்பட்ட பதிவு வரிசையில் மேலே ஏறும். இதைத் தடுப்பானால் நிறுத்த முடியுமா? திகனை வன்முறைக்கு அடுத்த மாதமே ஜெர்மனியின் மத்திய உச்ச நீதிமன்றம், ஆக்செல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் தொடுத்த வழக்கில், விளம்பரத் தடுப்பான் நியாயமற்ற போட்டிக்கு எதிரான சட்டத்தை மீறவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. வாசகருக்கு நல்ல தீர்ப்பு. ஆனால் தடுப்பான் விளம்பரத்தை மட்டும்தான் எடுக்கும். விளம்பரத்துக்காக அடுக்கிய அந்த வரிசையை அது தொடுவதில்லை. உலாவியில் போட்ட தடுப்பான் ஃபேஸ்புக் செயலிக்குள் வேலையும் செய்யாது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் போனில், செயலிக்குள்தான் இருக்கிறார்கள். என் கணினித் திரை சுத்தமாக இருக்கிறது என்பதால் என் தெரு பாதுகாப்பாகிவிடாது.

அதனால்தான், தடுப்பானைப் போட்டதோடு தன் வேலை முடிந்தது என்கிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை. விளம்பரத்தை மறுத்தவர் அந்த இடத்தில் வேறு காசு வைக்க வேண்டும். நூலகம் தளத்தைப் பாருங்கள். 2005இல் தொடங்கி, ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்து, எவரும் இலவசமாக வாசிக்கும்படி வைத்திருக்கிறார்கள். ‘ஞானம்’ இதழ்களும் அங்கே கிடைக்கின்றன. விளம்பரம் கிடையாது, நன்கொடையும் தன்னார்வலர்களின் உழைப்பும் அதைத் தாங்குகின்றன. கொடுக்கக்கூடியவர் கொடுப்பதால், லயத்துப் பிள்ளையும் லண்டனில் இருப்பவரும் ஒரே பக்கத்தை ஒரே விதமாக வாசிக்கிறார்கள். பெரிய தளங்கள் போகிற வழி இதற்கு எதிரானது. சந்தா கட்டியவருக்குச் சுத்தமான பக்கம், கட்ட முடியாதவருக்கு வேவு பார்க்கும் விளம்பரம். காசில்லாதவர்தான் அதிகம் கண்காணிக்கப்படுகிறார் என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

நாளாந்தச் செய்தி நன்கொடையில் மட்டும் ஓடாது என்பது உண்மை. நிருபர் நீதிமன்றத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தோட்டத்துக்கும் போய்வர வேண்டும். அவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். அதற்கு நான் நண்பரிடம் சொல்லும் யோசனை, தமிழ்த் தளங்கள் பின்னட்டைக்குத் திரும்பட்டும் என்பதுதான். ஊர்க் கடையின் விளம்பரப் படத்தைத் தங்கள் தளத்திலேயே வைத்து, ஏலமும் வேவும் இல்லாமல், மாதத்துக்கு இவ்வளவு என்று பேசிப் போடட்டும். அப்படிப்பட்ட தளத்துக்குத் தடுப்பானில் நான் மனமார விலக்குக் கொடுப்பேன். நண்பர் இன்னும் சம்மதிக்கவில்லை. கடைக்காரர்களே இப்போது ஃபேஸ்புக்குக்குத்தான் காசு கட்டுகிறார்கள், ஊர்த் தளத்துக்கு யார் தருவார் என்கிறார். அதைக் கடைக்காரர்களிடமே கேட்டுப் பார்ப்பதென்று பேசி வைத்திருக்கிறோம். கண்டி நகரின் கொழும்பு வீதியிலிருந்து தொடங்குவதாக எண்ணம்.